எடுத்தலும் எண்ணலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நால்வகைப்படும் என்பர் நம் இலக்கண நூலார். மாங்கனியை எண்ணுகின்றோம், பொன்னை எடுத்து நிறுக்கின்றோம், நெல்லை முகக்கின்றோம், ஆடையை நீட்டி அளக்கின்றோம். இந்நான்கும் தத்தமக்குரிய பொருள்களிற் செல்வன. ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்வதில்லை என்பதே நாம் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணம். ஆயின் இரசாயன நூலார் மட்டும் துலாக்கோலைக் கையிலேந்தி எடுத்தலைச் செய்துகொண்டே, உண்மையில் எண்ணலைச் செய்து வருகின்றனர். கண்ணாற் காணவொண்ணாத அணுக்களையும் மூலக்கூறுகளையும் ஒன்றும் பிசகாமல் இணை சேர்க்கின்றனர். இஃது எங்ஙனம் இயல்வதாயிற்று? இதனை நம் மாணாக்கர் இன்று எம்முறையிற் கற்கின்றனர்? எம்முறையிற் கற்றல் தகும்? இவற்றைப் பற்றி என் கருத்தைச் சிறிது கூற விழைகின்றேன்.

யான் கல்லூரியில் முதல் ஆண்டு பயின்ற காலத்து நிகழ்ந்த ஒன்றை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் சோதனைச்சாலை மேசைமீது இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களை வைத்தார். ஒன்றில் 12 கிராம் கரித்தூள். மற்றொன்றில் 32 கிராம் கந்தகத்தூள். "எதில் அணுக்கள் மிகுதி?" என்று வினவினார். எடை மிகுதியாதலின் கந்தகத்திலேயே என்றனர் சிலர். கரியணு சிறிதாதலின் கரியிலேயே என்றனர் வேறு சிலர். முந்தின வாரத்துத் தேர்வில் அவொகாட்ரோ எண்ணைப் புள்ளி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்த யான் வாய் திறவாது நின்றேன். இரண்டிலும் அணுக்கள் ஏறத்தாழ ஒத்த எண்ணிக்கையின என்று ஆசிரியர் கூறியபோது எனக்கு உண்டான நாணம் இன்றும் நினைவில் உள்ளது. எண்ணை அறிந்திருந்தேன்; அது எதன் எண் என்பதை அறிந்திலேன்.

பல ஆண்டுகள் கழித்து, யானே ஆசிரியனாய் வகுப்பில் நின்று அதே வினாவை விடுத்தபோது, அதே விடைகளையே பெற்றேன். இது மாணாக்கர் குற்றமன்று என்பது என் துணிபு. நாம் கற்பிக்கும் முறை தலைகீழாயிருக்கின்றது. எண்ணை முதலிற் கொடுத்து, பொருளைப் பின்னர்க் கொடுக்கின்றோம். பல வேளைகளில் பொருளைக் கொடுக்க மறந்தும் போகின்றோம். இந்த அறிவு உலகில் வளர்ந்த வரலாறோ இதற்கு நேர்மாறானது. பொருள் முதலில் வந்தது. எண் நெடுங்காலம் கழித்தே வந்தது. எண்ணை அறியாமலே இரசாயன நூலார் அரை நூற்றாண்டுக்கு மேலாக அணுக்களைச் சரியாக எண்ணி வந்தனர். இதனைக் கேட்பார்க்கு வியப்பாயிருக்கும். ஆகலின் சிறிது விளக்குவாம்.

பூட்டு வணிகன் ஒருவன் இருக்கின்றான் என வைத்துக்கொள்வோம். ஒரு பூட்டின் எடை 60 கிராம். அதன் சாவியின் எடை 10 கிராம். அவனிடத்து ஒரு கோணி நிறையப் பூட்டும், ஒரு கோணி நிறையச் சாவியும் உள. பூட்டுக்கொரு சாவியாகக் கொடுத்தனுப்ப வேண்டின், அவன் ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. பூட்டில் 6 கிலோவும் சாவியில் 1 கிலோவும் நிறுத்துக் கொடுத்தாற் போதும். ஒன்று மிகாது, ஒன்று குறையாது. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒரு பூட்டின் எடை இன்னது என்று அவன் அறிந்திருத்தலும் வேண்டுவதன்று. பூட்டு சாவியைப்போல் ஆறு மடங்கு என்ற விகிதம் ஒன்றே போதும். மொத்தம் எத்தனை பூட்டு என்று கேட்டால் அவனாற் சொல்ல முடியாது. ஆயினும் பூட்டும் சாவியும் ஒத்திருக்கின்றன என்று உறுதியாகச் சொல்வான். வங்கிகளில் நாணயங்களை நிறுத்து எண்ணுவதும் இவ்வாறே.

இரசாயன நூலார் செய்வதும் இதுவே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறு, சோடியம் ஹைட்ராக்ஸைடின் ஒரு கூற்றோடு சேர்ந்து உப்பும் நீரும் ஆகின்றது. அவற்றின் எடை விகிதம் 36.5-க்கு 40. ஆகவே அமிலத்தில் 36.5 கிராமும் காரத்தில் 40 கிராமும் எடுத்தால், ஒன்றுக்கொன்று சரியாக அமைந்து, எதுவும் மிஞ்சுவதில்லை. ஒரு பொருளின் மூலக்கூற்று எடை எத்தனையோ அத்தனை கிராம் எடுத்தால், அதில் உள்ள மூலக்கூறுகளின் தொகை எப்பொருளுக்கும் ஒன்றே. அத்தொகைக்கே மோல் என்று பெயர். நீரில் 18 கிராம், சமையல் உப்பில் 58.5 கிராம், குளுகோஸில் 180 கிராம் என எடைகள் வேறுபடினும், ஒவ்வொன்றும் ஒரு மோலே. டஜன் என்றால் பன்னிரண்டு என்பதுபோல மோல் என்பதும் ஓர் எண்ணுப்பெயர்.

விகிதம் போதும் என்றேன். அவ்விகிதத்தைக் கண்டது எங்ஙனம்? இங்கேதான் வரலாறு சுவையுடையதாகின்றது.

மான்செஸ்டர் நகரத்து ஆசிரியராகிய ஜான் டால்ட்டன் 1803-இல் அணுக்களின் ஒப்பெடைகளைக் கணிக்கத் தொடங்கி, 1808-இல் தம் பெருநூலை வெளியிட்டார். நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 8 கிராம் ஆக்ஸிஜன் உண்டு என்பதைத் துலாக்கோல் காட்டும். ஆயின் நீரின் மூலக்கூற்றில் ஹைட்ரஜன் அணு ஒன்றா இரண்டா என்பதைத் துலாக்கோல் காட்டாது. ஒன்றெனின் ஆக்ஸிஜன் அணுவின் எடை 8, இரண்டெனின் 16. அணுவெடையை அறிய எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கையை அறிய அணுவெடை வேண்டும். இவ்விடரினின்று மீளும் வழி டால்ட்டனுக்குத் தோன்றவில்லை. எளிமையே இயற்கையின் நெறி எனக் கருதி, ஒன்றுக்கொன்று என்றே அவர் வைத்துக்கொண்டார். அது தவறாய் முடிந்தது.

எடுத்தல் கைவிட்ட இடத்து முகத்தல் கைகொடுத்தது. 1808-இல் கே-லூஸாக் என்னும் பிரெஞ்சு அறிஞர், வாயுக்கள் ஒன்றோடொன்று கூடுங்கால் அவற்றின் கன அளவுகள் சிற்றெண் விகிதத்தில் அமைகின்றன என்று கண்டு அறிவித்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் கூடி, இரண்டு பங்கு நீராவி தருகின்றன. இதற்குக் காரணம் என்னை? 1811-இல், இத்தாலி நாட்டு வெர்ச்செல்லி என்னும் ஊரிற் கற்பித்துவந்த அமெதேயோ அவொகாட்ரோ ஒரு விடை கூறினார். ஒத்த வெப்பமும் ஒத்த அழுத்தமும் உடைய வாயுக்கள், ஒத்த கன அளவில் ஒத்த எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகளைக் கொண்டிருக்கும் என்பதே அது.

இக்கூற்று எத்துணைத் துணிவுடையது என்பதை நம் நாட்டு அளவையோடு ஒப்பிட்டாற் புலனாகும். 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்பது நம் பழைய வாய்பாடு. முகத்தலளவைக்கே எண்ணலளவையை அடிப்படையாக்கிய நம் முன்னோர், ஒரு படியில் நெல் 14,400 என்றும், மிளகு 12,800 என்றும், அரிசி 38,000 என்றும், எள் 1,15,200 என்றும் கணக்கிட்டு வைத்தனர். மணி சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். இஃது எவரும் அறிந்தது. அவொகாட்ரோவோ, வாயுவாகிய படியில் எள்ளும் மிளகும் ஒரே எண்ணிக்கையிற் கொள்ளும் என்றார்! கேட்டார் நம்பாமற் போனதில் வியப்பென்ன? வாயுவில் மூலக்கூறுகள் மணிகளைப்போல் நெருங்கிக் கிடப்பனவல்ல, தம் பருமனினும் மிகப் பெரிய வெளியில் தனித்தனி ஓடித் திரிவன என்ற உண்மை தெளிவான பின்னரே இதன் பொருத்தம் விளங்கிற்று. மெய்யான வாயுக்கள் இவ்விதியைச் சிறிதளவு பிறழ்தலும் உண்டு. எனினும் அப்பிறழ்ச்சி சாதாரண நிலையில் மிகச் சிறிது.

நீராவியின் செய்தியை இனிப் பார்ப்போம். ஒரு பங்கு ஆக்ஸிஜனிலிருந்து இரண்டு பங்கு நீராவி வருவதாயின், ஆக்ஸிஜனின் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்திருத்தல் வேண்டும். எனவே அம்மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள் இருத்தல் வேண்டும். அவ்வாறே கணக்கிட்டால் நீரில் ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்ஸிஜன் அணு ஒன்று என்று முடியும். டால்ட்டனின் சிக்கல் அவிழ்ந்தது. ஆயினும் ஓரினத்து அணுக்கள் இரண்டு தம்முட் சேரும் என்பதை டால்ட்டன் ஏற்றிலர். வேற்று மின்னுடைய அணுக்களே ஒன்றையொன்று இழுக்கும் என்று கற்பித்த சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்ஸீலியஸின் கொள்கையும் அதற்கு இடந்தரவில்லை. ஆகவே அவொகாட்ரோவின் கருத்து ஏறத்தாழ ஐம்பதாண்டு காலம் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது.

இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. ஒருவர் கரியணுவின் எடையை 6 என்பார். மற்றொருவர் 12 என்பார். காடியின் புளிப்புக்குக் காரணமாகிய அஸெட்டிக் அமிலம் ஒன்றற்கே அறிஞர் வழங்கிய குறியீடுகள் 19 என்று, கெக்குலே 1861-இல் வெளியிட்ட தம் பாடநூலில் வரிசைப்படுத்திக் காட்டினார். இக்குழப்பம் நீங்கும் வழி தேடியே, 1860-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பல நாட்டு இரசாயன நூலார் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். ஸ்தானிஸ்லாவோ கானிஸ்ஸாரோ என்னும் இத்தாலியர் அவொகாட்ரோவின் கருத்தை அங்கு எடுத்து வற்புறுத்தினார். கூட்டம் முடிவொன்றும் செய்யாமலே கலைந்தது. கலையும்போது, கானிஸ்ஸாரோ 1858-இல் தம் மாணவர்க்குப் பாடம் சொல்லும் முறையை விளக்கி எழுதிய சிறு நூல் வந்திருந்தோர்க்கு வழங்கப்பட்டது. அதனைப் படித்தபோது தம் கண்களை மறைத்திருந்தது நீங்கியதுபோல் உணர்ந்ததாக லோதர் மேயர் பின்னர் எழுதினார். அக்கூட்டத்தில் இருந்த மெண்டலீவ், திருந்திய அணுவெடைகளைக் கொண்டே, 1869-இல் தனிமங்களின் அட்டவணையை அமைத்தார்.

கானிஸ்ஸாரோவின் முறை மிக எளியது. கரி கலந்த வாயுக்கள் பலவற்றை ஒரே கன அளவில் எடுத்து நிறுத்து, ஒவ்வொன்றிலும் கரியின் பங்கு எத்துணை என்று பார்க்க வேண்டும். 2 கிராம் ஹைட்ரஜன் கொள்ளும் இடத்தில், அப்பங்கு 12 கிராம், 24 கிராம், 36 கிராம் என்றே வருகின்றது. 6 கிராம் என்று ஒருகாலும் வருவதில்லை. ஆகவே கரியணுவின் ஒப்பெடை 12. தேர்வு நோக்கி எழுந்த நூலன்று அது. தம் மாணவர்க்கு விளங்கவேண்டும் என்ற கவலையில் எழுந்தது. ஒரு நல்ல வகுப்புப் பாடம் ஒரு சாஸ்திரத்தையே நேர்நிறுத்தியது என்பதை ஆசிரியராகிய நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவொகாட்ரோ 1856-இலேயே காலமாயினார். தம் கருத்து வென்றதை அவர் கண்டிலர்.

இதுகாறும் கூறியவற்றுள் அந்தப் பேரெண் ஓரிடத்தும் வந்திலது என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். அவொகாட்ரோவுக்கு அவொகாட்ரோ எண் தெரியாது. மெண்டலீவ் தம் அட்டவணையை அமைத்ததற்கும் அது வேண்டப்படவில்லை. அன்றியும், மோல் என்ற பெயரை 1890-களில் வழக்கிற் புகுத்திய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அணு என ஒன்று மெய்யாக உண்டு என்பதையே ஏற்காதவர். அணுவை நம்பாமலே அவர் மோலைக் கையாண்டார். விகிதமே போதுமானதென்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

எனினும் மனித உள்ளம் விகிதத்தோடு அமைதி கொள்வதில்லை. எத்தனை என்று கேட்கவே செய்யும். வியன்னா நகரத்துப் பள்ளியாசிரியர் யோஸெஃப் லோஷ்மிட், 1865-இல், காற்றின் மூலக்கூறு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரிற் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பருமனுடையது என்று கணித்தார். அஃது உண்மையளவினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதியே. ஆயினும் காணாத பொருளைக் கணக்கால் முதன்முதல் தொட்ட பெருமை அவருடையது. ஒரு கன சென்டிமீட்டர் வாயுவில் மூலக்கூறுகள் எத்தனை என்பதைக் கணிக்கும் வழி அதனாற் பிறந்தது.

ஐயத்துக்கிடமின்றி எண்ணிக் காட்டியவர் பாரிஸ் நகரத்து ழான் பெரன். காம்போஜ் என்னும் மஞ்சட் பிசினை நீரிற் கலக்கி, ஒத்த பருமனுடைய நுண்மணிகளைப் பிரித்தெடுத்து, நீரில் வெவ்வேறு உயரத்தில் அவை எத்தனை நிற்கின்றன என்று 1908-இல் உருப்பெருக்கியால் எண்ணினார். மலையேற ஏறக் காற்று அருகுவதுபோல, அம்மணிகளும் மேலே செல்லச் செல்ல அருகின. காற்று பாதியாக அருகுவதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஏற வேண்டும். மணிகள் பாதியாக அருகுவதற்கு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு ஏறினாற் போதியதாயிருந்தது. உயரம் எத்தனை மடங்கு குறைந்ததோ, அத்தனை மடங்கு, நீரில் மிதக்கும் மணியின் எடை காற்று மூலக்கூற்றின் எடையினும் மிகுதி. மணியின் எடையை அளந்தறியலாம். ஆகவே மூலக்கூற்றின் எடையும் அறியப்பட்டது. ஒரு மோலில் ஏறத்தாழ 7 × 10²³ மூலக்கூறு என்ற முடிவு பெரனுக்குக் கிடைத்தது. அவ்வெண்ணுக்கு அவொகாட்ரோவின் பெயரை 1909-இல் இட்டவரும் அவரே.

அதன்பின் வேறு வழிகளாலும் அவ்வெண்ணை நாடினர். மிதக்கும் மணிகளின் ஓயாத நடுக்கத்தை ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டனர். வானத்தின் நீலநிறத்தை ஆராய்ந்தனர். கதிரியக்கப் பொருள் வீசும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினர். ஒரு மோல் சோடியத்தையோ வெள்ளியையோ பிரிக்கும் மின்னளவை ஓர் எலெக்ட்ரானின் மின்னளவால் வகுத்தனர். ஒன்றோடொன்று உறவில்லாத வழிகள் யாவும் ஒரே எண்ணில் வந்து கூடின. ஆஸ்ட்வால்டும் 1909-இல் தம் கொள்கையைக் கைவிட்டு, அணு உண்டென வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். முதியவர் ஒருவர் சான்றைக் கண்டு மனம் மாறியது, அவர் பெற்ற நோபெல் பரிசினும் அவருக்குப் பெருமை தருவதென்பேன்.

நான்காம் அளவையாகிய நீட்டலும் இறுதியில் வந்து சேர்ந்தது. சிலிக்கன் படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. எட்டு அணுக்களுக்குரிய கனசதுரத்தின் பக்கநீளத்தை எக்ஸ்-கதிரால் அளக்கலாம். ஒரே வகைச் சிலிக்கன் அணுவால் ஆகிய, ஒரு கிலோ எடையுள்ள, ஏறத்தாழ 9.4 சென்டிமீட்டர் விட்டமுடைய உருண்டையைச் செய்து, அதன் விட்டத்தை நுட்பமாக அளந்து, அதில் ஏறத்தாழ 2.15 × 10²⁵ அணுக்கள் உள என்று கணித்தனர். இத்தகைய அளவைகளின் துணைகொண்டு, 2018 நவம்பரில் வெர்ஸேயில் கூடிய அளவை மாநாடு புதிய இலக்கணம் வகுத்தது. 1971 முதல் 12 கிராம் கரி-12-இல் உள்ள அணுத்தொகையே மோல் எனப்பட்டு வந்தது. 2019 மே 20 முதல், 6.02214076 × 10²³ என்னும் எண்ணே, கூட்டலும் குறைத்தலுமின்றி, மோலின் இலக்கணமாயிற்று.

இதனைக் கொண்டே என் கருத்தை மறுப்பார் உளர். "இன்று எண்ணே இலக்கணமாயிருக்கையில், எண்ணை முதலிற் கற்பிப்பதன்றோ முறை? பழங்கதை எதற்கு?" என்பர். இலக்கணம் வேறு, கற்கும் முறை வேறு. இலக்கணம் அறிந்தார்க்கு உரியது; அஃது ஆராய்ச்சி முற்றுப்பெற்ற இடத்தில் நிற்பது. குழந்தை மொழியைக் கற்றபின் இலக்கணத்தைக் கற்கின்றது. இலக்கணத்தைக் கற்று மொழியைப் பேசத் தொடங்குவதில்லை. மேலும், அவ்வெண்ணை அவ்வாறு நிலைநிறுத்தினோர் ஒரு நூற்றாண்டு அளந்து பார்த்த பின்னரே அதனைச் செய்தனர். அந்த அளத்தலை ஒரு சிறிதும் அறியாமல் எண்ணை மட்டும் ஏற்கும் மாணவனுக்கு, அது சாஸ்திரமன்று, பெரியோர் வாக்கு. பெரியோர் வாக்கை ஏற்பது தவறன்று. ஆயின் அதனைச் சாஸ்திரம் என்று பெயரிட்டு ஏற்பது தவறு.

"காலம் போதாது, பாடப்பகுதி மிகுதி" என்பர் வேறு சிலர். இதனை யான் எளிதாகத் தள்ளேன், உண்மையான குறையே. ஆயினும், பொருள் விளங்காத மாணவன் ஒவ்வொரு கணக்கிலும் எதனை எதனாற் பெருக்குவது என்று தடுமாறி இழக்கும் நாழிகைகளைக் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்திற் செலவிடும் மூன்று நான்கு வகுப்புகள் வீணல்ல என்பது தெளியும்.

இது வெறும் தேர்வுக் கணக்கன்று என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவேன். வயிற்றுப்போக்கால் நீரிழந்து வாடும் குழந்தைக்கு உப்பும் குளுகோஸும் கரைத்த நீர் கொடுக்கின்றோம். உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த முறைப்படி, ஒரு லிட்டர் நீருக்குக் குளுகோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். எடையால் நோக்கின் இவற்றுள் ஓர் ஒழுங்கும் தோன்றாது. மோலாக மாற்றிப் பார்த்தாலோ, குளுகோஸ் மூலக்கூறு 75 மில்லிமோல். இருவகை உப்பினின்றும் வரும் சோடியமும் 75 மில்லிமோல். ஒன்றுக்கு ஒன்று! சிறுகுடலின் உட்சுவரில் இவ்விரண்டும் ஒரே வாயில் வழியாக உடன் சென்று நுழைகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. சர்க்கரையை அளவு மீறிக் கரைத்தாலோ, துகள்களின் தொகை மிகுந்து, நீரைக் குடலுக்குள்ளேயே இழுத்துப் போக்கினை மிகுவிக்கும். கரைசல் நீரை இழுக்கும் வலிமை துகளின் எடையைப் பொறுத்ததன்று, எண்ணிக்கையையே பொறுத்தது. நம் உடல் துலாக்கோல் பிடிப்பதில்லை; எண்ணுகின்றது. மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணாக்கர் இதனை உணர்ந்து செல்லவேண்டாவோ?

ஆகலின் யான் வேண்டுவன மூன்று. முதலாவது, முதலாண்டு மாணாக்கர்க்கு நிறையால் எண்ணும் கருத்தை, பூட்டும் சாவியும் போன்ற கைப்பொருள்களால் நிலைநாட்டிய பின்னரே மோல் என்ற பெயரைச் சொல்லல் வேண்டும். பெயரை மோல் என்றே வைத்துக்கொள்ளலாம். உலகெங்கும் வழங்கும் அலகின் பெயரை மாற்றுவதால் நமக்கு ஊதியமில்லை. ஆயின் விளக்கம் தமிழிலும் நடைபெறல் வேண்டும். விளங்காமையின் பாதி பிறமொழிச் சொற்றொடரை அப்படியே மனப்பாடம் செய்வதினின்று பிறக்கின்றது. இரண்டாவது, அவொகாட்ரோ முதல் பெரன் வரை உள்ள வரலாற்றை, வாயுவிதிகளோடு சேர்த்துப் பாடமாகவே சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வோராண்டும் ஒரு பிற்பகலேனும் மாணாக்கர் தம் கையால் அவ்வெண்ணைத் தேடல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. அகன்ற தட்டில் நீரை நிரப்பி, அதன்மேல் நுண்பொடி தூவி, ஓலியிக் அமிலத்தைச் சாராயத்தில் மிக நீர்க்கக் கரைத்து ஒரு துளி விட்டால், பொடியை விலக்கி வட்டமாகப் பரவும். வட்டத்தின் பரப்பாலும் துளியிலுள்ள அமிலத்தின் கன அளவாலும் படலத்தின் கனத்தைக் கணக்கிடலாம்; அஃது ஒரு மில்லிமீட்டரிற் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்காக வரும். அப்படலம் ஒரு மூலக்கூற்றின் கனமுடையது எனவும், மூலக்கூறு கனசதுரம் போன்றது எனவும் கொண்டு கணக்கிட்டால், மோலின் எண் 24 இலக்கமுடையதாகவோ, ஓரிலக்கம் குறைந்ததாகவோ கிடைக்கும். மூலக்கூறு மெய்யில் கனசதுரமன்று, நீண்டது. ஆகவே விடை பிசகும். அப்பிசகு எங்கிருந்து வந்தது என்று மாணாக்கர் தம்முள் வாதிடுவதே அப்பிற்பகலின் பயன். தட்டும் நீரும் பொடியும் கொண்டு இத்துணைப் பேரெண்ணின் அருகே தாமே சென்றடைந்தவர், பின்னர் அதனை மறவார். பொருள் தெரியாமல் எழுதவும் மாட்டார்.

மாணவ நண்பர்களே, உலகிலுள்ள எண்ணூறு கோடி மக்களும் உண்ணாமலும் உறங்காமலும் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும், 18 கிராம் நீரிலுள்ள மூலக்கூறுகளை எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகள் செல்லும். ஒருவராலும் ஒருகாலும் எண்ணி முடிக்கவொண்ணாத அதனை, நீங்கள் சோதனைச்சாலையில் ஒரு துலாத்தட்டில் ஒரு நிமிடத்தில் எண்ணிவிடுகின்றீர்கள். அடுத்த முறை எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைக்கும்போதேனும், துலாவின் எண் பலகையை நோக்கும்போதேனும், நீங்கள் செய்வது இன்னதென நினைந்து செய்யுங்கள். அன்று அந்த மேசையருகே வாய் திறவாது நின்ற பழைய மாணவன் ஒருவன் உங்களிடம் வேண்டிக்கொள்வது அவ்வளவே.